சாப்பிடுபவர் பெயர் முனியாண்டி

செல்லனிடம் மழை பெய்ததா என்று யாராவது கேட்டால், "எங்க நெரையில பெஞ்சுச்சு" என்பார். அடுத்த ரப்பர் மர நிரையில் பெய்ததா என்று கேட்டால், "தெரியலலா, நான் இங்கல்ல நின்னேன்" என்பார். இதைச் சிலர் நேர்மை என்றார்கள், பலர் மந்தம் என்றார்கள். அவர் மனைவி காளியம்மா இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்துகொண்டு அவரோடு குடும்பம் நடத்தினார்.

செல்லன் பிறந்ததும் ரப்பர் பால் வெட்டியதும் மலாயாவில், கோணக்கால் தோட்டத்தில். புக்கிட் ரோத்தானிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகும் ரோட்டில் இறங்கி, கோணலாக ஓடும் ஒரு கால்வாயைப் பிடித்து நடந்தால் அந்தத் தோட்டம் வரும். இங்கிலீஷில் அதற்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைத் துரையும் கணக்கெழுதும் கிராணியும் மட்டும் சொன்னார்கள். தோட்டத்துக்குப் பின்னால் சதுப்புக் காடு. ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் முனியாண்டி நின்றார்.

ஆள் உயரச் சிமெண்டுச் சிலை. கையில் அரிவாள், காட்டைப் பார்த்த முகம். எல்லைச் சாமி என்பதால் உள்ளே நடப்பது அவர் கவலை இல்லை, வெளியிலிருந்து வருவதுதான் கவலை. மீசை மட்டும், வேலையாட்களை மேய்க்கும் ரெங்கசாமி மண்டோரின் மீசையைப் பார்த்து வைத்தது. சிமெண்டு வாங்கிக் கொடுத்தவர் மண்டோர், அவரே கோயில் கமிட்டித் தலைவரும் கூட. அதனால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்தச் சாமிக்குப் பூசாரி செல்லன். மாமனார் வழியாக வந்த பொறுப்பு. பக்கத்துத் தோட்டங்களின் பூசாரிகள் அருள் வந்து ஆடுவார்கள், குறி சொல்வார்கள், கோழியைப் பல்லால் கடிப்பார்கள். செல்லனுக்கு ஒருமுறைகூட அருள் வந்ததில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து நிற்பவர்களிடம், "சாமிகிட்ட சொல்லியாச்சு. அது என்னா செய்யும்னு எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் போயிருங்க" என்பார். ஜனங்களுக்கு இதில் திருப்தி இல்லை. ஆனாலும் படையல் வைப்பதில் அவரைப் போல் சுத்தமான ஆள் கிடையாது என்பதை எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆடி மாதப் படையலுக்கு அந்தத் தோட்டத்தில் இரண்டு விதிகள். இலையில் சோறும் கோழிக்குழம்பும் அவித்த முட்டையும் வைத்து, கள்ளு போத்தலையும் சுருட்டையும் பக்கத்தில் வைத்து, சூடம் காட்டியதும் பூசாரி புறப்பட்டுவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்வை பட்டால் சாமி இலைக்கு வராது. அது முதல் விதி. படைத்த பொருளில் ஒரு பருக்கையைக்கூட எல்லைக்கு இந்தப் பக்கம் திரும்பக் கொண்டுவரக் கூடாது. அது இரண்டாவது. மறுநாள் இலை காலியாக இருக்கும். யார் சாப்பிட்டார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியத்தைச் சர்க்கார்தான் உண்டாக்கியது.

அது வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள். அவர்களைச் சுட்டுப் பிடிப்பதைவிடப் பட்டினி போட்டுப் பிடிப்பது சுலபம் என்று சர்க்கார் கணக்குப் போட்டது. சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஓரிடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி அடித்து, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். அரிசி, வாராவாரம் ரேஷன். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, வாளியைக் கவிழ்த்துப் பார்த்து, இடுப்பைத் தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். வெறும் தேத்தண்ணீரைத் தவிர எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. சோற்றுப் பொட்டலத்தோடு பிடிபட்டவனுக்கு ஜெயில். ஜெயில் முடிந்ததும் இந்தியாவுக்குக் கப்பல்.

முனியாண்டி வேலிக்கு வெளியே நின்றார்.

ஆடி பிறந்ததும் செல்லன் கோலசிலாங்கூர் போலீசுக்குப் போய்ப் படையலுக்கு அனுமதி கேட்டார். அங்கே இருந்த வெள்ளைக்கார அதிகாரி இளவயது, நல்ல மனசுக்காரர், அடுத்த வாரம் சீமைக்குப் போவதற்கு லீவு வாங்கியிருந்தவர். மேசையில் பெர்மிட் ஒரே வகைதான் இருந்தது. வேலிக்கு வெளியே நாள் முழுக்கக் கால்வாய் வெட்டும் ஆட்களுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவதற்கான பெர்மிட் அது. 'சாப்பிடுபவர் பெயர்' என்ற இடத்தில் முனியாண்டி என்று எழுதினார். அடையாள அட்டை எண்ணுக்கு நேராகக் கோடு போட்டார். கீழே ஏற்கெனவே அச்சடித்திருந்தது: மேற்படி நபர் சாப்பிட்டது போக மீதி முழுவதும் அன்றே வேலிக்குள் திரும்பக் கொண்டுவரப்பட வேண்டும்.

செல்லனுக்கு இங்கிலீஷ் தெரியாது. பெர்மிட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார்.

படையலன்று காவலுக்கு ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிளை அனுப்பினார்கள். அவன் பெயர் வீரன், அதே தோட்டத்துப் பையன், சின்ன வயதிலிருந்து முனியாண்டியைப் பார்த்து நடுங்கியவன். சோற்றை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று சார்ஜன் அவனிடம் சொல்லியிருந்தார். செல்லன் சூடம் காட்டிவிட்டு நடந்தார். வீரன் அவரைவிட வேகமாக நடந்தான்.

"ஏன்டா வீரா, ஒன்னையப் பாத்துக்கிட்டே நிக்கணும்னுல்ல சார்ஜன் சொன்னாரு?"

"சார்ஜனுக்கு இந்தச் சாமியத் தெரியாதுண்ணே. எனக்குத் தெரியும். நடங்க, நடங்க."

மறுநாள் காலையில் அந்த வழியாக ரோந்து வந்த பட்டாளத்துக்காரர்கள் துடைத்து வைத்தாற்போல் ஒரு வாழையிலையைப் பார்த்தார்கள். போத்தல் காலி. சுருட்டைக் காணோம். காட்டுக்குச் சோறு போயிருக்கிறது என்று எழுதி அனுப்பினார்கள். மரத்தடியில் பால் வெட்டிக்கொண்டிருந்த செல்லனைக் கத்தியும் கையுமாகப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவரை ஜாமீனில் எடுத்தவர் மஸ்தான் பாய். புக்கிட் ரோத்தானில் மளிகைக் கடை வைத்திருந்த நாகூர்க்காரர். தோட்டத்துக்கு ரேஷன் அரிசி கொடுக்கும் லைசென்ஸ் அவரிடம் இருந்தது. அரிசி காட்டுக்குப் போனதாகத் தீர்ப்பு வந்தால் லைசென்சும் போய்விடும். ஆகவே அவர் செல்லனின் வழக்கைத் தன் வழக்காகவே எடுத்துக்கொண்டார்.

"பெர்மிட்ட நல்லாப் படிக்கச் சொல்லிக் கேட்டேன் செல்லா" என்றார். "இதுல ஒனக்கு நல்ல வழி இருக்கு. முனியாண்டி சாப்புட்டா குத்தமில்ல. சர்க்காரே அவர் பேரப் போட்டு அனுமதி குடுத்திருக்கு. மிச்சம் இருந்து நீ கொண்டாரலேன்னாத்தான் குத்தம். எல்லாத்தையும் அவரே சாப்புட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரு."

செல்லன் அதை ஏற்கவில்லை.

"சாமி சோறு சாப்புடாதே பாய்."

"என்னா?"

"வாசத்த மட்டும் எடுத்துக்கிடும். சோறு அப்படியே இருக்கும். எங்க மாமனார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

"அப்ப சோத்த யாரு தின்னா?"

"நான் பாக்கல. திரும்பிப் பாக்கக் கூடாது."

மஸ்தான் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். தன் மார்க்கத்தில் இல்லாத ஒரு சாமிக்கு வயிறு உண்டா இல்லையா என்பதில் தன் பிழைப்பு மாட்டிக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

விஷயம் தோட்டத்தில் பரவியதும் ஜனங்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். முனியாண்டி சோற்றைச் சாப்பிடுகிறார் என்பவர்கள் சோத்துக் கட்சி. வாசத்தை மட்டும் எடுக்கிறார் என்பவர்கள் வாசக் கட்சி. சுருட்டை யாரும் மெல்லுவதில்லை, புகையைத்தான் இழுக்கிறோம், ஆகவே சாமிக்கு வாசமே போதும் என்றது வாசக் கட்சி. அப்படியானால் கள்ளு போத்தல் காலியானது எப்படி என்றது சோத்துக் கட்சி. அண்ணன் தம்பிகள் ஒரே குழாயடியில் பேசாமல் தண்ணீர் பிடித்தார்கள். வாசக் கட்சியில் பெண் எடுக்க மாட்டோம் என்று ஒரு வீட்டில் சொன்னதாகவும் கேள்வி.

சோத்துக் கட்சிக்குத் தலைமை காளியம்மா.

"சாமி ரெண்டு வாய் சாப்புட்டாருன்னா அவருக்கு என்னா கொறஞ்சு போவுது?" என்று புருஷனைக் கேட்டார். "ஊரே சாப்புடுது. நீயும் நானும் சாப்புடுறோம். அது என்னா கேவலமா?"

"கேவலம்னு நான் சொல்லலியே. சோத்துக்குக் காத்துக்கிடக்குற சாமி இல்லடி அது."

"அப்ப நான் காத்துக்கிடக்குறேன். ஒன்னையக் கப்பல்ல ஏத்தி நாகப்பட்டணத்துல எறக்கி விட்டா, அங்க ஒனக்கு யாரத் தெரியும்? நீ பொறந்தது இங்க. நான் பொறந்தது இங்க. மூணு புள்ளைகள வச்சிக்கிட்டு நான் லயத்துல என்னா வாசத்தையா மோந்துக்கிட்டு இருப்பேன்?"

நாகப்பட்டணத்தில் தனக்கு யாரையும் தெரியாது என்பது செல்லனுக்கு நிச்சயமாகத் தெரிந்த சில விஷயங்களில் ஒன்று.

ரெங்கசாமி மண்டோர் சங்கக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர். எந்தச் சிக்கலையும் தீர்மானம் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று நம்பினார். ஐந்து பேருக்கு மேல் கூடுவதற்குத் துரையிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பால் கொட்டகையில் கூட்டம் போட்டார். நமது தோட்டத்து முனியாண்டி சோறு சாப்பிடுகிறார் என்று இக்கூட்டம் தீர்மானிக்கிறது. கை தூக்கச் சொன்னார். கோழியையும் சேர்க்க வேண்டும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. முட்டையைச் சேர்த்தால் சைவ நாட்களில் சிக்கல் வரும் என்று இன்னொருவர் எழுந்தார். முட்டை நீக்கப்பட்டு, கோழி சேர்க்கப்பட்டு, தீர்மானம் நிறைவேறியது. வாசக் கட்சி வெளிநடப்புச் செய்தது. வேலிக்குள் வெளிநடப்புச் செய்ய அதிக தூரம் இல்லாததால், கொட்டகைக்கு வெளியே நின்று மீதிக் கூட்டத்தையும் கேட்டார்கள்.

செல்லன் கையைத் தூக்கவில்லை. அவர் வெளிநடப்பும் செய்யவில்லை.

வழக்கு கோலசிலாங்கூர் கோர்ட்டில் நடந்தது. மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரர், வயதானவர், எதையும் அவசரமாக நம்பாதவர். போலீஸ் தரப்பில் ஓர் இன்ஸ்பெக்டர். மொழிபெயர்க்க நாராயணசாமி என்ற கோர்ட்டு ஊழியர். பெர்மிட் எழுதிய அதிகாரி அதற்குள் சீமையில் இருந்தார்.

தொடக்கமே சரியில்லை. சான்றுப் பொருளான வாழையிலையைப் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் வைத்திருந்தார்கள். அதை யாரோ வளர்த்த ஆடு தின்றுவிட்டது. இதை இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"இலையை யார் தின்றது என்பதற்குச் சாட்சி உண்டா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"உண்டு ஐயா. இரண்டு கான்ஸ்டபிள்கள் பார்த்தார்கள்."

"நல்லது. இந்த வழக்கில் ஒன்றாவது நிரூபணமானது."

முதல் சாட்சி ரெங்கசாமி மண்டோர். மீசையை நீவிக்கொண்டு கூண்டில் ஏறினார்.

"முனியாண்டி சோறு சாப்பிடுவார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தீர்மானம் போட்டிருக்கோம்."

நாராயணசாமி இதை மொழிபெயர்த்துவிட்டு, தான் தவறாகச் சொல்லவில்லை என்பதற்காகத் தலையையும் ஆட்டினார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏகமனதாகவா?"

"பெரும்பான்மைங்க."

அடுத்து மஸ்தான் பாய். அரிசி முறைப்படி கொடுத்த ரேஷன்தான் என்று சொன்னார். சோற்றை யார் தின்றிருப்பார் என்று கேட்டபோது, "ஐயா, அந்தக் காட்டுல பன்னி ஜாஸ்தி. அந்தப் பேரச் சொல்றதே எனக்குச் சங்கடம். நீங்க கேக்குறதால சொல்றேன்" என்றார்.

"பன்றி சுருட்டும் பிடிக்குமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதோட எனக்குப் பழக்கம் இல்ல, எப்படிச் சொல்ல முடியும்?"

வீரன் சாட்சி சொல்ல வந்தபோது வேர்த்துக் கொட்டியது. பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால் சாமி குற்றம். பார்க்கவில்லை என்றால் சார்ஜன் குற்றம். அவன் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னான். எந்தக் கண்ணில் என்று கேட்டார்கள். இரண்டிலும் என்றான்.

கடைசியில் செல்லன். மண்டபத்தில் சோத்துக் கட்சி ஒரு பக்கமும் வாசக் கட்சி ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தன. காளியம்மா முன்வரிசையில், கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு.

"பெர்மிட்டில் குறிப்பிட்ட முனியாண்டி அந்தச் சோற்றைச் சாப்பிட்டாரா?"

"வாசத்த எடுத்திருக்கும்."

"சோற்றை?"

"நான் பாக்கல."

"வேறு யாராவது சாப்பிட்டிருக்க முடியுமா?"

"நான் பாக்கல."

"உங்கள் நம்பிக்கைப்படி, சாமி வாசத்தை எடுத்த பிறகு சோறு மீதி இருக்குமா?"

"அப்படியே இருக்கும்."

"அப்படியானால் அதை ஏன் திரும்பக் கொண்டுவரவில்லை?"

"கொண்டாரக் கூடாது."

இன்ஸ்பெக்டர் புன்னகையோடு உட்கார்ந்தார். மஸ்தான் பாய் கண்ணை மூடிக்கொண்டார். காளியம்மா மட்டும் உரக்கச் சொன்னார், "பாவி மனுசா!" அது மொழிபெயர்க்கப்படவில்லை.

மாஜிஸ்திரேட் நெடுநேரம் பெர்மிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சர்க்காரின் முத்திரை இருந்தது. முனியாண்டி என்ற நபர் சாப்பிடக் கூடியவர் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கும்போது, அவரால் சாப்பிட முடியாது என்று சர்க்கார் வாதாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதே சமயம், கோர்ட்டில் எழுதி வைக்கும்படி யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. ஆகவே அவர் சம்பவ இடத்தில் சோதனை செய்ய உத்தரவிட்டார். அதே சாப்பாடு, அதே இடம், அதே பூசாரி. காட்டிலிருந்து மனிதனோ மிருகமோ நெருங்காதபடி நான்கு பக்கமும் போலீஸ். பார்வை பட்டால் சாமி வராது என்று சொல்லப்படுவதால் போலீஸ்காரர்கள் இலைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மாலையில் கோர்ட்டு வந்து பார்க்கும். சோறு இருந்தால் அன்று சாப்பிட்டது வேறு ஆள் என்று பொருள். இல்லாவிட்டால் பெர்மிட்காரர்.

சோறு அப்படியே இருக்கும் என்று செல்லன் நம்பினார். இருந்தால் அவருக்கு ஜெயில். அந்தச் சோற்றை அவரே கையால் படைக்க வேண்டும்.

"நீயே தின்னுட்டு வந்துரு" என்றார் காளியம்மா, வீட்டுக்கு வந்ததும். "சூடம் காட்டுறப்ப யாரு பாக்கப்போறா?"

"படைச்சதத் தொடக் கூடாது."

"புள்ளைகளோட மூஞ்சியப் பாரு."

பார்த்தார். பிறகு குளிக்கப் போனார்.

சோதனை நாளில் காளியம்மா சமைத்தது போல் அவர் வாழ்நாளில் அதற்கு முன் சமைத்ததில்லை. கோழியை மிளகு அரைத்துப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, எண்ணெய் மிதக்க இறக்கினார். எப்படிப்பட்ட சாமியையும் சாப்பிட வைத்துவிடுவது என்று உறுதி எடுத்திருந்தார். அதை வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கோர்ட்டு உத்தரவு இருந்தது. காவலுக்குப் போன நான்கு கான்ஸ்டபிள்களின் சோற்றுப் பொட்டலங்களுக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை. விடியற்காலையில் கேட்டில் சார்ஜன் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார்.

"துவான், நாள் பூரா நிக்கணும், பசிக்கும்" என்றான் அவர்களில் ஒருவனான வீரன்.

"சட்டம் எல்லாருக்கும் ஒன்னுதான்" என்று சார்ஜன் மலாயில் சொன்னார்.

செல்லன் சிலையைக் கழுவினார். சந்தனம் வைத்தார். இலையை நுனி இடப்பக்கம் வரும்படி போட்டார். தன்னை ஜெயிலுக்கு அனுப்பப் போகும் சோற்றை மேடு தட்டாமல், ஓரம் சிந்தாமல், குழம்பு ஓடாமல் வைத்தார். சுருட்டைப் பற்றவைத்துச் சாமியின் பக்கத்தில் வைத்தார். சூடம் காட்டினார். என்ன வேண்டிக்கொண்டார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து வேலிக்குள் போனார். நான்கு கான்ஸ்டபிள்கள் இலைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். காற்று காட்டுப் பக்கமிருந்து கோழிக்குழம்பைத் தாண்டி அவர்களை நோக்கி வீசியது.

மாலையில் மாஜிஸ்திரேட் வந்தார். இன்ஸ்பெக்டர், நாராயணசாமி, துரை, மஸ்தான் பாய், இரண்டு கட்சிக்காரர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். செல்லனையும் காளியம்மாவையும் முன்னால் நிறுத்தினார்கள்.

இலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. முட்டை இல்லை. போத்தல் காலி. கோழி எலும்புகள் ஓரமாக, மரியாதையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நான்கு கான்ஸ்டபிள்களும் காலையில் நின்ற இடத்திலேயே, வெளிப்பக்கம் பார்த்து, விறைப்பாக நின்றார்கள். ஒருவனுக்கு விக்கல். வீரன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். அங்கே சுருட்டுப் புகையின் வாடை இன்னும் இருந்தது, அது சாமி இருந்த திசையிலிருந்து வரவில்லை.

மாஜிஸ்திரேட் நால்வரையும் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து பார்த்தார்.

"யாராவது இந்த இலையை நெருங்கினார்களா?"

"இல்லை துவான்" என்றார்கள் நால்வரும். விக்கல்காரன் இரண்டு தவணையாகச் சொன்னான்.

மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தன் ஆட்களைப் பார்த்தார். வேலிக்கு வெளியே பெர்மிட் இல்லாமல் சோறு தின்ற குற்றத்துக்கு நான்கு போலீஸ்காரர்கள். அதுவும் கோர்ட்டுக்குச் சொந்தமான சோறு. அவர்களை அங்கே நிறுத்தியவர் அவர். அவருடைய முகம் மெல்ல மாறியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோர்ட்டார் அவர்களே, என் ஆட்களின் வாக்குமூலத்தைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் இல்லை. மனிதர் யாரும் நெருங்கவில்லை. ஆகையால்..." நிறுத்தினார். "பெர்மிட்டில் கண்ட நபரே சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது போலீஸ் தரப்பின் நிலைப்பாடு."

"முனியாண்டி?"

"ஆமாம் ஐயா. முனியாண்டி."

"எலும்பை அடுக்கி வைத்ததும் அவரா?"

"சுத்தமான பழக்கம் உள்ளவர் என்று தெரிகிறது, ஐயா."

சோத்துக் கட்சி கைதட்டியது. ரெங்கசாமி மண்டோர் மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். சிலைக்கும் அதே மீசை இருந்ததால், சாமியும் ஒப்புக்கொண்டது போலவே தோன்றியது. வாசக் கட்சியினர் செல்லனைப் பார்த்தார்கள். தங்கள் தரப்பில் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான்.

செல்லன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி இலையை வழிக்காது. சாமி எலும்பு அடுக்காது. அவருக்கு அது தெரியும். அவர் வாயைத் திறந்ததும் காளியம்மா அவர் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்து முழு எடையையும் போட்டு மிதித்தார்.

"குற்றம் சாட்டப்பட்டவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்றார் மாஜிஸ்திரேட்.

நாராயணசாமி அதைத் தமிழில் கேட்டார். செல்லன் கான்ஸ்டபிள்களைப் பார்த்தார். வீரன் கண்ணாலேயே கும்பிட்டான். செல்லனுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் கண்ணால் கண்டது எதுவும் இல்லை. நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னார்.

"நான் பாக்கலீங்க."

பெர்மிட்காரர் முழுவதையும் சாப்பிட்டுவிட்டார், திரும்பக் கொண்டுவர மீதி இல்லை, குற்றம் இல்லை. மாஜிஸ்திரேட் அங்கேயே, முனியாண்டியின் முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னார். மஸ்தான் பாய் உணர்ச்சிவசப்பட்டுச் சிலைக்குச் சலாம் வைத்துவிட்டு, பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

வழக்கு அதோடு முடிந்தது. தீர்ப்பு முடியவில்லை. அது எழுதப்பட்டு, மேலே போய், உணவுக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் ஒரு மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்த மேசையில் இருந்தவர் சட்டத்தை ஒழுங்காகப் படித்தவர். சோறு சாப்பிடும் ஒருவர், முகவரியோ அட்டையோ இல்லாமல், வேலிக்கு வெளியே காட்டோரத்தில் தங்கியிருக்கிறார் என்று கோர்ட்டே சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இவ்வளவு முள்கம்பி வாங்கப்பட்டது. அவரை உடனே வேலிக்குள் குடியேற்றி, ரேஷனில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ரெங்கசாமி மண்டோர் லோரி பிடித்தார். முனியாண்டி லோரியில் நின்றபடி கேட்டுக்குள் வந்தார். சார்ஜன் பழக்கதோஷத்தில் அவர் இடுப்பையும் தடவிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவில், வேலிக்கு உட்பக்கமாக, காட்டைப் பார்க்கும்படி செல்லன் அவரை நிறுத்தினார். மறுநாள் கிராணி செல்லனை ஆபீசுக்கு அழைத்தார்.

"செல்லா, சாமிய ரேஷன்ல போடணும். வாரத்துக்கு எவ்வளவு அரிசி?"

"ஒன்னும் வேணாங்க கிராணியாரே. அவரு வாசம் மட்டும்தான்..."

"ஷ்ஷ்!" கிராணி ஜன்னலைச் சாத்தினார். "ஒனக்கு மூளை இருக்கா? அவர் சாப்புடுறாருன்னுதான் ஒன்னைய விட்டாங்க. நீயே இப்ப இல்லேன்னு எழுதிக் குடுத்தா, கேஸ மறுபடி தூக்குவான். கப்பல் இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கு."

வெளியே காளியம்மா பிள்ளைகளோடு காத்திருந்தார்.

"சரி, போடுங்க" என்றார் செல்லன்.

"அப்படி வா. வேலைக்காரன் ரேஷனா, வேலையில்லாதவங்க ரேஷனா? வேலை செய்யாத கெழடு கெட்டைக்கெல்லாம் பாதிதான்."

செல்லன் தலையை நிமிர்த்தினார். இத்தனை நாள் வழக்கில் யாரும் கேட்காத கேள்வி அது. அதற்கு அவரிடம் சரியான பதில் இருந்தது.

"அவரு வேலையாளுங்க. காவக்காரரு."

"சாமிலா அது."

"காவல்தானே அவரு வேலை? வேலிக்கு முந்தியிருந்தே நிக்கிறாரு. லீவு எடுத்ததில்ல, சீக்குன்னு படுத்ததில்ல. வேலி நேத்து வந்துச்சு. வீரனுக்குத் துப்பாக்கியும் முழு ரேஷனும் குடுக்குறீங்க. அவன் எப்படிக் காவல் காத்தான்னு ஒங்களுக்கே தெரியும்."

கிராணி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். முனியாண்டி, காவல், முழு ரேஷன் என்று எழுதினார். செல்லன் சாமிக்காகப் பெருவிரலை உருட்டினார். அவசரகாலம் முடியும்வரை வாராவாரம் அந்த அரிசியை வாங்கி, காளியம்மாவிடம் பொங்கக் கொடுத்து, சாமிக்குப் படைத்து, வாசம் போகட்டும் என்று கொஞ்சநேரம் திரும்பி உட்கார்ந்திருப்பார். எல்லைக்குள்ளேயே படைத்ததால் திரும்பக் கொண்டுவரும் பிரச்சனை எழவில்லை. சோறு லயத்துப் பிள்ளைகளுக்குப் போனது. வாசக் கட்சிக்காரர்கள் இதைத் தங்கள் வெற்றி என்றார்கள். சோத்துக் கட்சிக்காரர்களும் அப்படியே சொன்னார்கள்.

முதல் வார அரிசியைக் காளியம்மா முறத்தில் கொட்டிப் புடைத்துப் பார்த்தார். கல்லும் உமியுமாக இருந்தது. முறத்தைத் தூக்கிக்கொண்டு நேராக ரேஷன் கொட்டகைக்குப் போனார். அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மஸ்தான் பாயின் முன்னால் அதை வைத்தார்.

"என்னா பாய் இது? ஒங்க லைசென்ச காப்பாத்திக் குடுத்த ஆளுக்கு இந்த அரிசியா?"

மஸ்தான் பாய் முறத்தைப் பார்த்தார். உள்ளே போய், தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த மூட்டையைப் பிரித்தார்.